சாவி ஜெனீவாவில் இருக்கிறது

கோவில்பதாகை பஞ்சவர்ணத்தின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது எந்த அரபு முதலாளியும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள், பாவம், மணலையும் ஒட்டகத்தையும் மனசில் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வாங்கி வைத்தது திருமுல்லைவாயிலில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கும் 'எல்லை கடக்கும் உழைப்பாளர் மனித உரிமைப் பயிலகம்'. எதற்காக வாங்கியது என்றால், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று பாடம் நடத்துவதற்காக.

பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்து நாலு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினாறு வருஷம் சமையல் வேலை. கம்பெனி ஊருக்கு வெளியே இடம் மாறிப் போனது. போகும்போது மிஷின்களை எல்லாம் எடுத்துப் போனது, கேன்டீன் ஆட்களை எடுத்துப் போகவில்லை. புருஷன் போய் ஒன்பது வருஷம். மகள் திவ்யாவுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இந்த நிலையில்தான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் சமையலறைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். நாற்பது பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னார்கள். அவள் வைத்த சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு யாரையும் அவர்கள் வைக்கச் சொல்லவில்லை.

விசா வந்தது. வியாழக்கிழமைக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். தவறினால் விசா செத்துப்போகும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு விமானம். ஐந்து மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். கதையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் பயிலகம் பார்த்துக்கொள்ளும்.

"ஒரே ஒரு சர்டிபிகேட் கொறையுதும்மா" என்றான் ஏஜென்ட். "மனித உரிமை கிளாஸ். ஒரு நாளு. போய் குந்திட்டு வந்துடு."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பஞ்சவர்ணம் மாடி ஏறினாள். கீழே மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து சேர்ந்த இருபத்தோரு பேரும் தும்மிக்கொண்டே வந்தார்கள். வாசலில் பெரிய பலகை: 'கடவுச்சீட்டு உங்கள் உயிர். அதை எவரிடமும் ஒப்படைக்காதீர்!' பலகைக்குக் கீழே ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குப் பின்னால் அலுவலக உதவியாளர் சண்முகசுந்தரம், முன்மண்டை வழுக்கை, முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"இதுல போடுங்கம்மா."

"இன்னாத்த சார்?"

"பாஸ்போர்ட்டை."

பஞ்சவர்ணம் பலகையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். "யாராண்டயும் குடுக்காதன்னு மேல எழுதிக்கீதே சார்."

"அது மத்தவங்களைப் பத்திம்மா" என்றார் சண்முகசுந்தரம். குரலில் கடுமை எதுவும் இல்லை. பல வருஷமாக ஒரே பதிலைச் சொல்லி வழவழப்பாகிப்போன குரல். "ஆரம்பத்துல டீ நேரத்துல ஒருத்தர் பாஸ்போர்ட்டைக் காணோம்னு ஒரே கலாட்டா. கடைசில அவர் பையிலயே இருந்தது. ஆனா உரிமைப் பயிலகத்துல பாஸ்போர்ட் தொலைஞ்சா நிறுவனத்துக்கு எவ்வளவு அவமானம்? அன்னைக்கே இயக்குநர் சுற்றறிக்கை போட்டுட்டார். உள்ள வர்ற எல்லா பாஸ்போர்ட்டும் பீரோவுக்குப் போகணும். சாயந்திரம் வாங்கிக்கலாம். பத்திரமா இருக்கும்."

நீங்களாக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள். சர்டிபிகேட் வேண்டுமே. அவளும் கொடுத்தாள்.

பத்து மணிக்கு இயக்குநர் முனைவர் பரந்தாமன் வந்தார். கோட்டு போட்டிருந்தார். போட்டோ எடுக்க ஆள் கூடவே வந்தது. இருபத்தோரு பாஸ்போர்ட்டும் இருந்த துணிப்பையை அவர் இரண்டு கையாலும் வாங்கி, கருவறைக்குள் நைவேத்தியம் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய்ப் பச்சைநிற பீரோவில் வைத்தார். பூட்டினார். போட்டோக்காரர் "சார், இன்னொரு வாட்டி" என்றதும் திறந்து மறுபடியும் பூட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"உழைக்கும் தோழர்களே! கடவுச்சீட்டு என்பது வெறும் புத்தகமா? இல்லை. அது மனிதனின் கண்ணியம். உங்கள் கண்ணியத்தை இன்று நாங்கள் உங்களிடமிருந்து பெற்று, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஏன்? நீங்கள் அதைத் தொலைத்துவிடுவீர்கள் என்பதற்காக! மனிதன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அதுதான் இந்த நூற்றாண்டின் முழக்கம். அந்த முழக்கத்தை எழுப்பத்தான் இன்று மதியம் நான் ஜெனீவா புறப்படுகிறேன். உங்கள் அனைவரின் சார்பாகவும் நான் ஒருவன் போகிறேன். நீங்கள் எல்லாரும் அங்கே வர முடியாது அல்லவா?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் சாவியைக் கோட்டின் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

வகுப்பு எடுத்தது கிருஷ்ணப்பிரியா என்ற இளம்பெண். நல்ல பெண், சொல்வதையெல்லாம் அவள் நிஜமாகவே நம்பினாள். மதியத்துக்கு மேல் 'செயல்முறைப் பயிற்சி' என்றாள். பாஸ்போர்ட்டைப் பிடுங்க வரும் முதலாளியை எதிர்கொள்வது எப்படி? அதற்குக் கையில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் பீரோவில் இருந்ததால், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

"நான்தான் முதலாளி. எடு, உன் பாஸ்போர்ட்டை!" என்றாள் கிருஷ்ணப்பிரியா, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு.

முதலில் யூசுப். ஆவடிக்காரன், இருபத்தாறு வயசு, எஸ்டேட்டில் பீரோ செய்யும் பட்டறையில் வெல்டர். அடுத்த மாதம் தோஹாவுக்குப் போக இருந்தான். அவன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "தர முடியாது! இது என் உரிமை! இன்னா பண்ணிடுவ?" என்று கத்தினான். மில்லில் அரைப்பதை நிறுத்திவிட்டு மேலே எட்டிப் பார்த்தார்கள். பத்துக்குப் பத்து மார்க்.

பஞ்சவர்ணம் முறை வந்ததும், கேட்டவுடன் அட்டையைக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா கொடுத்தீங்க?"

"நீ கேட்டியேம்மா."

"கேட்டா கொடுத்துடுவீங்களா?"

"காலைல அந்த சார் கேட்டாரு, நெஜத்தியே குடுத்துட்டேன். இத்த குடுக்கறதுக்கு இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை. அவளை மூன்று தடவை மறுபடி சொல்ல வைத்தாள். மூன்றாம் தடவை பஞ்சவர்ணம் அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தர மாட்டேன், இது என் உரிமை" என்று சொன்னதும் அவளுக்கும் பாஸ் போட்டார்கள். பிறகு ஒரு தேர்வு. 'உங்கள் கடவுச்சீட்டை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால் என்ன செய்வீர்கள்? அ. அழுவேன். ஆ. ஊருக்குப் போன் செய்வேன். இ. பயிலகத்தின் உதவி எண்ணுக்கு அழைப்பேன்.' எல்லாரும் 'இ' என்று எழுதினார்கள். எல்லாரும் தேறினார்கள்.

ஐந்து மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தங்க நிற ஓரம். 'இவர் தம் உரிமைகளை முழுமையாக அறிந்தவர்' என்று கொட்டை எழுத்து. அதைக் கொடுத்த கையோடு சண்முகசுந்தரம் பீரோ முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். சட்டைப் பாக்கெட்டைத் தொட்டார், மேஜை டிராயரைத் திறந்தார், மூடினார்.

"சாவி சார்கிட்ட இருக்கு" என்றார்.

"சார் எங்க?"

"இந்நேரம் விமானத்துல ஏறியிருப்பார்."

"எப்ப வருவாரு?"

"ஜெனீவால நாலு நாள். அப்புறம் பக்கத்து நாட்டுல ஒரு கலந்தாய்வு. அடுத்த புதன்கிழமை."

மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பஞ்சவர்ணம் மட்டும் கையில் தங்க ஓரத்தோடு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை யூசுப் பட்டறைக்குப் போகிற வழியில் அவளை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். "அக்கா, அழுவாத கேளு. அவங்களே சொல்லிக் குடுத்தாங்கல்ல, அது மாரி கேளு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் சண்முகசுந்தரத்தின் எதிரே உட்கார்ந்து கேட்டாள். அவர் பரிவோடுதான் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். "வாய்மொழியா சொன்னா நான் எதுவும் பண்ண முடியாதும்மா. உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. நேத்து தேர்வுல எழுதினீங்களே" என்றார்.

பஞ்சவர்ணம் தன் போனை எடுத்து, சான்றிதழின் பின்னால் அச்சடித்திருந்த எண்ணை அழுத்தினாள். அவள் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில், சண்முகசுந்தரத்தின் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அவர் ஒரு விரலைக் காட்டி அவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு எடுத்தார்.

"வணக்கம். எல்லை கடக்கும் உழைப்பாளர் உதவி மையம். நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?"

"சார், உங்க எதிர்ல கீறேன்."

"நாட்டின் பெயரைச் சொல்லுங்கள்."

"திருமுல்லைவாயல்."

அவர் ஒரு பட்டியலை எடுத்து விரலால் ஓட்டிப் பார்த்தார். போனிலேயே, அவள் முகத்தைப் பார்த்தபடி, "மன்னிக்கவும், பட்டியலில் அப்படி நாடு இல்லை. நீங்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிட்டால்தான் புகார் எண் கொடுக்க முடியும்" என்றார்.

"பாஸ்போர்ட்டு இல்லாம எப்பிடி சார் வெளிநாட்டுக்குப் போறது?"

"அதைப் புகாராகச் சொல்லலாம். போய்ச் சேர்ந்த பிறகு."

இரண்டு பேரும் போனை வைத்தார்கள். சண்முகசுந்தரம் அந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதினார். 'திருப்தியாக முடிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். சாதம் குழைந்துபோயிருந்தது. "சோத்த ஆற வச்சிட்டுக் கலக்கணும் சார்" என்றாள் பஞ்சவர்ணம்.

சண்முகசுந்தரம் அவள் நிலைமையை ஒரு குறிப்பாக எழுதி இயக்குநருக்கு அனுப்பினார். சாயந்திரம் வரை அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. உட்காருவதற்கு அங்கே எல்லாருக்கும் உரிமை இருந்தது.

புதன்கிழமை மதியம் பயிலகமே பரபரப்பாக இருந்தது. இயக்குநர் ஜெனீவாவில் பேசுவது நேரலையில் வரப்போகிறது. கிருஷ்ணப்பிரியா சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதில் படம் விழும்படி செய்தாள். யூசுப்பும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சாவியைப் பற்றி அங்கேயே கேட்டுவிடலாம் என்று அவனுக்கு எண்ணம்.

பெரிய மண்டபம். பளபளவென்று பெஞ்சுகள். பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, ஆங்கிலத்தில் பேசினார். கிருஷ்ணப்பிரியா அடக்கமான குரலில் தமிழாக்கிச் சொன்னாள்.

"நான் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். திருமதி 'ப' என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சமையல்காரர், ஒரு பெண் குழந்தையின் தாய். என் சொந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர். நான் இங்கே உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில், அவருடைய கடவுச்சீட்டு ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி அவரிடம் இல்லை!"

மண்டபத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி யார் கையில் இருக்கிறது? உலகமே, உன்னைக் கேட்கிறேன், யார் கையில் இருக்கிறது?"

"உன் கோட்டு பாக்கிட்டுல கீதுய்யா!" என்று யூசுப் வேட்டியைப் பார்த்துக் கத்தினான். அது நேரலைதான் என்றாலும், இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகிற மாதிரி யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

ஜெனீவாவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். திருமுல்லைவாயிலிலும் கிருஷ்ணப்பிரியா எழுந்து நின்றாள், சண்முகசுந்தரம் நின்றார். பஞ்சவர்ணமும் மரியாதைக்கு எழுந்து நின்றாள். ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. மில்லும் அன்றைக்கு ஓடவில்லை.

"யாரு செத்துப்பூட்டாங்க?" என்று யூசுப்பின் காதில் கேட்டாள்.

"யாரும் பூடல. உனக்காவதான் நிக்கிறாங்கக்கா."

"எனக்கா? நான் உயிரோட கீறேனேடா."

கூட்டம் முடிந்து ஒரு மணி நேரத்தில் சண்முகசுந்தரத்தின் போனுக்கு இயக்குநரின் வீடியோ அழைப்பு வந்தது. அவருக்குப் பின்னால் ஓர் ஏரி தெரிந்தது. ஏரியில் அன்னப்பறவைகள்.

"பாத்தீங்களா? அந்தம்மா பாத்தாங்களா?"

சண்முகசுந்தரம் போனைப் பஞ்சவர்ணத்தின் பக்கம் திருப்பினார்.

"அம்மா, உங்க பேரைச் சொல்லலை. உங்க அந்தரங்கத்தை மதிக்கணும் இல்லையா?"

"அதுக்கு சந்தோசம் சார். சாவி..."

"என் சூட்கேஸ்ல பத்திரமா இருக்கு. கவலையே படாதீங்க."

"நாளைக்கு எட்டு மணிக்குப் ப்ளைட்டு சார். பூட்ட ஒடச்சி எடுத்துக்கட்டா? பூட்டுக்கு நான் குடுத்துடறேன்."

பரந்தாமனின் முகம் மாறியது. புண்பட்ட முகம். "உடைக்கறதா? என் பொருளை, என் சம்மதம் இல்லாம, நான் ஊர்ல இல்லாத நேரத்துலயா? அது உரிமை மீறல் இல்லையாம்மா? திங்கட்கிழமை முழுக்க என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க உங்களுக்கு? கிருஷ்ணப்பிரியா! இவங்களுக்கு எத்தனை மார்க்?"

"தேர்ச்சி சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"சண்முகம், சுற்றறிக்கை பதினாலைப் படிச்சுக் காட்டுங்க அவங்களுக்கு." ஏரி மறைந்தது.

சண்முகசுந்தரம் எடுத்துப் படித்தார். 'பீரோவின் கதவு இயக்குநர் முன்னிலையில் மட்டுமே திறக்கப்படும்.' ஒரே வரிதான். கீழே கையெழுத்து, முத்திரை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜெனீவாவிலிருந்து ஒரு கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. கிருஷ்ணப்பிரியா அதை அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கண்ணில் மூன்று நாளாக இல்லாத வெளிச்சம். "தீர்மானம் போட்டுட்டாங்க! நாற்பத்திரண்டு நாட்டு அமைப்புங்க சேர்ந்து! 'திருமதி ப அவர்களின் கடவுச்சீட்டை எந்த நிபந்தனையும் இன்றி உடனே விடுவிக்க வேண்டும்.' உறுப்பினர் அமைப்புகள் எல்லாம் உடனடி நடவடிக்கை எடுக்கணும்னு போட்டிருக்கு. நாமும் உறுப்பினர்தான் சார்!"

சண்முகசுந்தரம் கடிதத்தை முழுவதும் படித்தார். வரவு எண் 212 என்று எழுதினார். தேதி முத்திரை குத்தினார். 'இயக்குநரின் பார்வைக்கு' என்று எழுதியிருந்த தட்டில் அதை வைத்து, காற்றில் பறக்காதிருக்க மேலே ஒரு கல்லும் வைத்தார்.

"சார், உடனேன்னு போட்டிருக்கு" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"ஆமாம்மா. அவர் வந்த உடனே முதல்ல இதைத்தான் வைக்கப்போறேன்."

கிருஷ்ணப்பிரியா போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு மணி. பஞ்சவர்ணம் நாற்காலியை அவர் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் உட்கார்ந்ததில் அது அவள் நாற்காலி மாதிரியே ஆகியிருந்தது.

"சார், உங்கள நான் குத்தம் சொல்லல. நீங்க சோறு போட்டீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் அங்க நிக்கலன்னா எம் பொழப்பு போச்சு. எம் பொண்ணு படிப்பு போச்சு. கேன்டீன் வேலைக்கி இந்த வயசுல எவனும் கூப்பிட மாட்டான். நான் இன்னா பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

சண்முகசுந்தரம் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "எனக்குத் தெரியலைம்மா" என்றார். அந்த மாடியில் நாலு நாளில் யாராவது சொன்ன முதல் உண்மை அதுதான்.

அப்போது, பட்டறையிலிருந்து வந்திருந்த யூசுப் பீரோவைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். தோளில் ஒரு சாக்குப்பை. முதுகைச் சுவரில் சாய்த்து, பீரோவைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பின்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தான்.

"சார், அந்த சுத்தறிக்கைய இன்னொரு தபா படிங்க."

"பீரோவின் கதவு இயக்குநர் முன்னிலையில் மட்டுமே..."

"கதவுன்னுதான போட்டுக்கீது? பின்னாடி கதவு இல்ல சார். தகடுதான். நாங்க செய்யற சரக்குதான் இது, எனக்குத் தெரியும். முன்னாடிதான் கனம். பின்னாடி அப்பளம் மாரி இருக்கும். நாலு ஓரத்துலயும் புள்ளி புள்ளியா பத்த வச்சிருப்போம். உளி வச்சா அஞ்சு நிமிசம்."

சண்முகசுந்தரம் சுற்றறிக்கையை எடுத்து இரண்டு தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் காலி.

"பின்பக்கத்தைப் பத்தி இயக்குநர் எதுவும் சொல்லலை" என்றார் மெதுவாக.

"அப்ப தட்டட்டா?"

"முன்பக்கத்துக்கு ஒரு கீறலும் விழக் கூடாது."

மூன்று பேரும் சேர்ந்து பீரோவைத் திருப்பினார்கள். கிருஷ்ணப்பிரியா வாசல் கதவைச் சாத்தினாள். வகுப்பில் சொல்லிக்கொடுக்காத காரியம் அது. யூசுப் உளியை வைத்துத் தட்டினான். கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு புள்ளியாக விட்டது. ஒரு பக்கம் முழுவதும் விட்டதும் தகட்டைப் புத்தக அட்டை மாதிரி வளைத்துத் திறந்தான்.

உள்ளே மடித்த பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், பரந்தாமன் படம் போட்ட காலண்டர் கட்டு. அதற்கு மேல் துணிப்பை. பஞ்சவர்ணம் பைக்குள் கைவிட்டுத் தேடினாள். ஆறாவது பாஸ்போர்ட் அவளுடையது. அவள் அதைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திவ்யாவுக்குப் போன் போடு யூசுப்பு. பெட்டிய எடுத்துகினு ஆட்டோல நேரா இங்க வரச் சொல்லு."

"படிவம் ஒன்பதுல கையெழுத்து போடணும்மா" என்றார் சண்முகசுந்தரம். "பெற்றுக்கொண்டேன்னு." அவள் போட்டாள். வழங்கியவர் என்ற இடத்தில் அவர் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், 'பீரோவின் முன்பக்கம் சேதமின்றி உள்ளது' என்று எழுதினார்.

யூசுப் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு, பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒரு ரெக்ஸின் பையை இழுத்தான். "இது யாரோடது? இதுலயும் பாஸ்போர்ட்டுங்க கீது."

ஏழோ எட்டோ இருந்தன. எல்லாம் பழசு. வந்து வாங்காமல் விட்டவர்களுடையது. விமானம் போன பிறகு எதற்கு என்று சலித்து விட்டவர்களாக இருக்கும். யூசுப் மேலே இருந்ததைத் திறந்தான். அடர்த்தியான சுருட்டை முடி, மீசை, பெரிய காலர் சட்டை. கொஞ்ச நேரம் பார்த்தவன், நிமிர்ந்து எதிரே பார்த்தான்.

"சார்... இது நீங்களா? தலைல இவ்ளோ முடி கீது!"

சண்முகசுந்தரம் பதிவேட்டை மூடினார்.

"நானும் இங்கதான் கிளாஸுக்கு வந்தேன். பதிமூணு வருஷம் ஆச்சு. துபாய்ல ஸ்டோர்ல வேலை கிடைச்சிருந்தது. அப்பவும் சார் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார், சாவியோட. திரும்பி வந்தப்போ விசா முடிஞ்சுபோச்சு. ரொம்ப வருத்தப்பட்டார். நிஜமாவே வருத்தப்பட்டார். அடுத்த விசா வர வரைக்கும் இங்க உக்காரச் சொன்னார்."

"அப்பறம்?" என்றாள் பஞ்சவர்ணம்.

"உக்காந்திருக்கேன்."

"அது உள்ள கீதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் இருப்புப் பட்டியல் நான்தானே எழுதறேன்."

கிருஷ்ணப்பிரியா சுவரோரம் சுருட்டி வைத்த வேட்டியைப் பார்த்தாள்.

பஞ்சவர்ணம் யூசுப் கையிலிருந்து அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி அவரிடம் நீட்டினாள். "எடுத்துக்குங்க சார்."

"முடியாதும்மா. படிவம் ஒன்பதுல வழங்கறவரும் பெற்றுக்கொள்றவரும் வேற வேற ஆளா இருக்கணும்."

"அப்ப நான் வழங்கறேன்."

"உங்களுக்கு அதிகாரம் இல்லையேம்மா" என்றார் அவர், வருத்தமாக, அவள் மனசு புண்படக் கூடாது என்பது போல.

அவள் அதை அவர் சட்டைப் பாக்கெட்டில், இரண்டு பேனாவுக்குப் பக்கத்தில், செருகினாள். அவர் தடுக்கவில்லை. கை மட்டும் மேலே போய்ப் பாக்கெட்டின் மேல் ஒரு தடவை படிந்தது.

"யூசுப்" என்றார். "புதன்கிழமை சார் வந்துடுவார். பழையபடி பத்த வச்சுக் கொடுத்துடறியா?"

யூசுப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் ரெக்ஸின் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வகுப்புக்கு வந்தவர்களின் துணிப்பையைத் தனியே எடுத்து, அவரவர் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கிருஷ்ணப்பிரியாவிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். எந்தப் படிவத்தையும் கேட்கவில்லை. பிறகு யூசுப் கீழே போய் மில்லில் சொல்லி ஒரு வயரை மேலே இழுத்துக்கொண்டு வந்தான். சாக்கிலிருந்து சின்ன வெல்டிங் மிஷினை எடுத்தான். தகட்டைப் பழையபடி அமர்த்தி, மேலிருந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தான். கீழே தெருவில் ஆட்டோ வந்து நின்றது. திவ்யா "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

"தோ வந்துட்டேன்!" என்ற பஞ்சவர்ணம் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மூலையில் ஒரு புள்ளிதான் பாக்கி. தகடு அங்கே விரல் நுழையும் அளவுக்கு விலகி இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் சண்முகசுந்தரம்.

அவர் குனிந்தார். பாக்கெட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். பக்கங்களை ஒரு தடவை விரலால் விசிறினார். எல்லாம் வெள்ளை, ஒரு முத்திரை இல்லை. பிறகு அந்த இடுக்கு வழியாக, தபால் போடுகிற மாதிரி, உள்ளே போட்டார். அது பொன்னாடைகள் மேல் விழுந்திருக்க வேண்டும், சத்தமே வரவில்லை.

"பட்டியல்ல இருக்கே" என்றார், யாரிடமும் இல்லாமல். "கணக்குல இடிக்கும்."

யூசுப் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"போட்றவா சார்?"

"போடு."

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது எஸ்டேட்டில் பதினாறு வருஷம் இருந்தவளுக்குத் தெரியும். பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினாள். சண்முகசுந்தரம் பார்த்துக்கொண்டு நின்றார்.